வெருகல் ஆற்றில் அக்கா கண்ட பச்சை

காலை ஆறு நாற்பது. வெருகல் ஆற்றின் வற்றிய கரையில் நான் முதலில் கண்டது அக்காவின் முதுகு. அடுத்தது, தோளுக்கு மேல் ஓங்கியிருந்த சுத்தியல். அதன் பிறகே அவருடைய காலடியில், மணலுக்கு வெளியே விரலளவு தெரிந்த பச்சை விளிம்பைக் கண்டேன்.

அது வளைவு பிசகாத வட்டமாக இருந்தது. செய்தியாளனாக இருந்த காலத்தில், வெடிபொருள் அகற்றுபவர்கள் மேசையில் பரப்பிக் காட்டிய பிளாஸ்டிக் மிதிவெடிகளைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறேன்.

"அக்கா, அடிக்காதீங்கோ!"

"ஏன்டா கத்துறாய்? இவ்வளவு காலத்துக்கு இப்பதான் ஒண்டு கண்ணில படுது."

"அது கல் இல்லை. மிதிவெடி."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

அக்கா தேடித் திரிந்தது ஜேட் என்னும் பச்சைக் கல்லை. அது பளபளக்காது. மெழுகு பூசியதுபோல மங்கலாக மினுங்கும். கத்தி கீறாது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். சுத்தியலால் தட்டினால் உடையாமல் மணிபோல ஒலித்துச் சுத்தியலைத் திருப்பி எறியும். அதனால் அக்கா எதையும் முதலில் தட்டித்தான் பார்ப்பார். ஈரப் பிளாஸ்டிக்கும் மெழுகுபோலத்தான் மினுங்குகிறது.

"வந்த அடியிலேயே கால் வைச்சுப் பின்னால வாங்கோ."

பதினொரு காலடித் தடங்கள். நடுவில் மூன்றை ஈரம் அழித்திருந்தது.

"மூண்டைக் காணேல்லையடா."

"நேர வாங்கோ."

"நேர் எண்டா எது? நீ நிக்கிற இடம் நல்ல இடமோ எண்டு முதல்ல பார்."

குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அக்கா வந்து சேர ஏழு நிமிடம் எடுத்தது.

அக்கா திருகோணமலை நகரில் பிறந்தவர். பாடசாலை ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்தார். இளவயதில் கணவரை இழந்து, இரண்டு முறை இடம்பெயர்ந்து, இரு மகள்களையும் படிப்பித்தார். ஓய்வு பெற்ற பிறகே கல் தேடப் புறப்பட்டார். பச்சைக் கல்லோடு ஆசையாக வந்தவர்களிடம், கத்தியால் கீறிக் காட்டி, "இது ஜேட் இல்லை, மகன்" என்று மறைக்காமல் சொல்வார். அவருக்கும் கத்திக்கு மசியாத ஒரேயொரு துண்டுதான் கிடைத்தது; கட்டைவிரல் அளவு.

அந்தக் காலைக்குப் பிறகும் அவர் கல் தேடிப் போனார். அவர் போன நாட்களில் தொலைபேசி அடித்தால், எடுக்க எனக்குக் கை வராது. கடைசியில் அவரைக் கொண்டுபோக நோய்தான் வந்தது. ஸ்கேன் எடுத்த அன்று, "அசையாமக் கிடக்கட்டாம். அதைத்தானே வெருகலில பழகினனான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

வைத்தியசாலையில் மாறி மாறி நின்ற உறவினருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், மிதிவெடி கண்ட அன்று ஆற்றங்கரைக்கு வெடி அகற்றுபவர்களை அழைத்து வந்த கிண்ணியா முச்சக்கரவண்டிக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த வெடியைச் செயலிழக்கச் செய்த அதிகாரிக்கும் நன்றி. அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கு அவரை அழைக்கப் போனபோது, அன்று எடுத்த மிதிவெடியின் படத்தை அவர் தன் கைபேசியில் காட்டினார்.

பச்சை மூடியின் ஓரத்தில், புதிதாக விழுந்த சுத்தியல் தடம் ஒன்று இருந்தது.