ஒரு மூடி டீசல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்து சீட்டில் இருந்தார். நரைத்த மீசை, கறுத்து வெடித்த விரல்கள், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. நான் பால்கோவா தின்றுவிட்டுக் காகிதத்தை ஜன்னல் வழியே வீசப் போனேன். "இங்க குடுங்க சார்" என்று வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பை ஏற்கெனவே புடைத்திருந்தது.

"அண்டார்டிகாவுல பழகுனது" என்றார். அங்கே நம் நாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வருஷம் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தாராம்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அம்புட்டு எடமும் சும்மால்ல கெடக்கு, அண்ணாச்சி? ரோடு போட்டுச் சுரங்கம் தோண்டுனா நாலு பேரு பொழைக்கலாம்லா?"

"மொத ஆளா நான் பொழைப்பேன். மெஷினுக்கு மெக்கானிக்கு வேணும்லா?" என்று சிரித்தார். "ஒருநா கை தவறி ஒரு மூடி டீசலைச் சிந்திட்டேன். அது பட்ட பனியை அம்புட்டையும் சொரண்டி டப்பாவுல அடைச்சு, கப்பல் வாரவரைக்கும் வச்சிருந்து ஏத்திவிட்டோம். ஒரு மூடிக்கே அந்தப் பாடு. ரோடு போட்டா எதைன்னு சார் சொரண்டுறது?"

அதற்குள் ராஜபாளையம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தது. அதை ஒரு பார்வை பார்த்தவர், சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு நடந்துவிட்டார்.

அங்கேயாவது வருஷத்துக்கு ஒரு கப்பல் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். இங்கே அந்த மனிதர் தன் பையை எங்கேதான் காலி செய்வார்?