ஹன்னாவின் அம்மா அழித்த பெயர்கள்

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் ஒரு குழந்தைகள் டேகேரில் சமையல் பார்க்கும் ராமாத்தாளுக்குக் கறை என்றாலே ஆகாது. மஞ்சளோ கிரேப் ஜூஸோ, கண்ணில் பட்டால் அதை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை. வீட்டில் வெள்ளைச் சட்டை போடவே பயமாக இருக்கிறது என்பார் கணவர் வேலுமணி.

ஒருநாள் மாலை பக்கத்து வீட்டு ஹன்னா ஆன்ட்டி வாடிய முகத்தோடு வந்தார். வயது எழுபத்தாறு. நாஜிகளை எதிர்த்து நின்ற சாதாரண மனிதர்களைப் பற்றி மறுநாள் நூலகத்தில் கண்காட்சி. ஹன்னாவின் அம்மா யூதப் பெண். போர்க்காலத்தில் பெல்ஜியத்தில் வேறு பெயரில் ஒளிந்துகொண்டு, ஒரு சலவைக்கடையில் வேலை பார்த்தவர். அக்கம்பக்கத்தார் தங்கள் அடையாள அட்டை தொலைந்துவிட்டதாகப் போலீசிடம் புளுகிவிட்டு, அதை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் புளித்த பாலின் தெளிந்த நீரைத் தொட்டுப் பெயரை அழிப்பார். படத்தை மாற்றி ஒட்டி, புதுப் பெயர் எழுதி, தலைமறைவாக இருக்கும் யூதர்களிடம் சேர்ப்பார். கண்காட்சிப் பொறுப்பாளருக்கோ பாலில் மை போகும் என்பதிலேயே நம்பிக்கை இல்லை. அங்கே மாட்டியிருந்த அம்மாவின் படத்தை எடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்.

ராமாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தயிருக்கு இங்க் போகாதாமா? ஊர்ல, கோபியில, பள்ளிக்கூடத்துல எங்க யூனிஃபார்ம் இங்க் கறையெல்லாம் எதுல போச்சாம்? நீங்க காரை எடுங்க" என்றாள் வேலுமணியிடம்.

வீட்டுத் தயிரைத் துணியில் கட்டி வடித்த நீரோடு நூலகத்துக்குப் போய் இறங்கினாள். பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். ஓர் அட்டையில் தன் பேனாவால் பெயர் எழுதிக் கொடுத்தார். ராமாத்தாள் பஞ்சை நனைத்து ஒற்றினாள். போகவில்லை. அழுத்தி ஒற்றினாள். எழுத்து குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது. ஹன்னா தலையைக் குனிந்துகொண்டார். ராமாத்தாளுக்கு மானம் கப்பலேறியது.

வேலுமணி எட்டிப் பார்த்தார். "ஏம்புள்ள, இது பால்பாயின்ட். நாம எழுதுனது இங்க் பேனாவுல."

"இப்ப இங்க் பேனாவுக்கு எங்கீங்க போறது?"

"நம்ம சாமி ரூம்ல ஒண்ணு இருக்குதே."

வருஷத்துக்கு ஒருநாள், சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொள்வதைத் தவிர அந்தப் பேனாவுக்கு வேறு உத்தியோகம் கிடையாது. வேலுமணி காரில் வீட்டுக்கு விரைந்து அதையும் நீல மைப்புட்டியையும் கொண்டுவந்தார். பொறுப்பாளர் புது அட்டையில் எழுதினார். ஈரம் காய்ந்ததும் ராமாத்தாள் பஞ்சை வைத்தாள். நீலம் வெளுத்தது. மூன்றாவது பஞ்சில் பெயர் இருந்த சுவடே இல்லை.

பொறுப்பாளர் அட்டையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். படம் அங்கேயே இருக்கட்டும் என்றார். ராமாத்தாள் ஜெயித்த சந்தோஷத்தில் திரும்பினால், ஹன்னா அழுதுகொண்டிருந்தார்.

"என்ன ஆன்ட்டி, அதான் ஒத்துக்கிட்டாரே" என்று ஆங்கிலமும் தமிழுமாகக் கேட்டாள்.

ஹன்னா கண்ணைத் துடைத்தார். "அம்மா சாகும்வரை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன். இன்றைக்கு வரைக்கும் நானும் நம்பியதில்லை, ராமா."