உடம்பில் இரும்பு இருக்கா?

எங்கள் தொழிலில் வருகிறவரிடம் முதலில் கேட்பது வியாதியைப் பற்றி அல்ல, "உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்கா?" என்றுதான். எம்.ஆர்.ஐ. மிஷினுக்குள் இருப்பது ராட்சசக் காந்தம். சத்தம் நின்றாலும் அது தூங்குவதில்லை. உள்ளே படுத்து அந்த இடிச் சத்தத்தில் அவதிப்பட்ட அன்பர்களே, போடியில் அந்த மிஷினை ஓட்டுகிறவன் அவதியையும் கொஞ்சம் கேளுங்கள். கேள்வி ஒன்றுதான்; அடுத்த ஆள் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று எனக்கு இன்னும் ஆவல் தீரவில்லை.

காலுக்குள் தகடு

குரங்கணிப் பாதையில் ஜீப்பு ஓட்டும் ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். முன்பு வண்டி கவிழ்ந்து காலில் தகடு வைத்திருந்தார்கள். காந்தம் அதைப் பிய்த்து எடுத்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட, அறைக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்றார். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். டைட்டானியம்தான், காந்தம் இழுக்காது, பயமில்லை என்று எங்கள் டாக்டரும் சொன்ன பிறகு ஸ்கேன் எடுத்தோம்.

வெளியே வந்தவர் காலைத் தடவித் தடவிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிப்போனது. "காந்தமே இழுக்கலேன்னா, மட்டமான இரும்ப வச்சு என்னைய ஏமாத்திட்டாங்களா தம்பி?"

மஞ்சள் கயிறு

ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் அக்கா, புருஷனோடு மலையிறங்கி வந்திருந்தார். தாலிக்கொடியில் கொத்தாக ஊக்குகள். ஊக்கை மட்டும் கழற்றினால் போதாது, கழுத்தில் எந்த உலோகமும் ஆகாது என்றேன். உயிரே போனாலும் கொடியைக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இதற்காகவே மஞ்சள் கயிறும் அதில் கோக்க மஞ்சள் கிழங்கும் தயாராக வைத்திருக்கிறோம். புருஷன் அங்கேயே கயிற்றைக் கட்டிவிட, அதன் பிறகுதான் கொடி கழன்றது.

வெட்கமும் சிரிப்புமாக அக்கா என்னிடம் சொன்னார்: "கல்யாணத்தன்னைக்கு ரெண்டு முடிச்சு நாத்துனா போட்டா. மூணையும் இந்த மனுசனே போட்டது இன்னைக்குத்தான்!"

தேவாரத்துக்காரரின் புருவம்

ஓயாத தலைவலி என்று மனைவியோடு வந்தார் தேவாரத்து விவசாயி ஒருவர். வலது கண்ணில் சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. இடது கண்ணால்தான் பிழைப்பு. இரும்பு இருக்கிறதா என்றேன். "ஒன்னுமில்ல." இடது புருவத்தடியில் பொட்டுப் போல ஒரு தழும்பு. அது என்ன என்றேன். "கம்பி வேலி கீறுனது." சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். எனக்கு அங்கேதான் உறுத்தியது. கண்ணுக்குப் பக்கத்தில் கடுகளவு இரும்பு இருந்தாலும் காந்தம் அதை அசைக்கும், அசைந்தால் பார்வை போகும் என்றேன்.

ஆள் வியர்த்துப்போனார். "வெளிய சொல்ல மாட்டீகளே?" என்று கேட்டுவிட்டுக் கொட்டினார். தோட்டத்தில் காட்டுப் பன்னி விரட்டும்போது மச்சினன் நாட்டுத் துப்பாக்கியால் சுட, தெறித்த இரும்புச் சில்லு ஒன்று இவர் புருவத்தில் ஏறியிருக்கிறது. ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போட்டு மச்சினனை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அதுவரை மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. உடனே எக்ஸ்ரே எடுத்தோம். கண்ணை ஒட்டி வெள்ளையாக ஒரு புள்ளி. இவருக்கு இந்த மிஷினே வேண்டாம் என்று டாக்டர் காந்தமில்லாத சி.டி. ஸ்கேனுக்கு மாற்றினார்.

எல்லாவற்றையும் கேட்டிருந்த மனைவி எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புருஷனின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு அழுதார்: "எந்தம்பிய காப்பாத்த, இருக்கிற ஒத்தக் கண்ணையும் குடுக்கப் பாத்தியேய்யா!"

ஆகவே அன்பர்களே, வீட்டில் எதை வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் காந்தத்துக்கு மாமன் மச்சான் எல்லாம் தெரியாது.