சிவப்பு மருந்துக்குப் பிறகு

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அப்போது அவள் ஈப்போவில் ஒரு தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் லூமுட்டிலிருந்து மீன் ஏற்றிவரும் லோரி ஓட்டினேன். செமோர் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் கைமாறியதும், நகரத்து அடுக்குமாடி ஒன்றின் உச்சி வீட்டுக்கு வந்திருந்தோம். மின்தூக்கி கிடையாது.

புற்றுநோய் என்றார்கள். சீராப் என்கிற ரோஜா சர்பத் போலச் சிவந்த ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். முடி கொட்டியது. சிறுநீரும் சிவந்தபோது பயந்து அழுதாள். ஆனால் கட்டி கரைந்தது. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, முஸ்லிம் கடையில் பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சில மாதங்களில் படியேறும்போது பாதியில் நிற்க ஆரம்பித்தாள். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். நோய் திரும்பிவிட்டதென்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கிருந்த டாக்டர் ஓர் இளம் தமிழ்ப்பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"புற்று திரும்பலம்மா. இதயம் பலவீனமாயிருச்சு. அந்தச் சிவப்பு மருந்தாலதான்."

"மருந்து நிறுத்தி இவ்வளவு நாளாச்சே டாக்டர். இப்ப ஏன்?" என்றாள் மனைவி.

டாக்டர் படத்தை மேசையில் வைத்தார். "இதயத் தசையில ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள கெட்டுப்போனத தானே உடைச்சு, கரைச்சு, சுத்தம் பண்ணிக்கும். இதயத்துல ஒரு செல் செத்தா அந்த இடத்துக்குப் புதுசு வர்றது கஷ்டம். அதனால இந்த வேலை நிக்கக் கூடாது. மருந்து அதையும் கெடுக்குதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. உறுதியா யாருக்கும் தெரியல."

"தோட்டத்துல சாக்கடை அள்ளுற ஆளு வராம, லயத்து வீட்டு வரிசை பூரா அழுக்குத்தண்ணி தேங்கி நின்னுச்சே, அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப அள்ளுறதுக்கு ஒரு மருந்து குடுங்க."

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார். "அதுக்கு மருந்து இல்லம்மா. வீக்கம் வத்த மாத்திரை தாரேன். உப்பைக் குறைங்க."

அதன்பின் அவள் வேலைக்குப் போகவில்லை. கீழே இறங்கினால் ஏற முடியாதென்று ஜன்னலோரமே இருந்தாள். ஒரு நாள் கருவாடு கேட்டாள். உப்பு என்றேன்.

"ஏங்க, நாக்குன்னு ஒண்ணு இருக்குலா."

தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, ஒரு துண்டு பொரித்துக் கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் தட்டில் வைத்தாள்.

மழைக்காலத்தில் ஒரு காலை உதடு நீலமாகிவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் நானும் நாற்காலியோடு தூக்கி இறக்கத் தயாரானோம். "கைலியோட எப்படிப் போறது? சேலை கட்டிட்டு வாரேன், இருங்க" என்றாள். எழுந்து நிற்க முடியவில்லை. கைலி மேலேயே சேலையைச் சுற்றிவிட்டேன். அந்த வாரமே வார்டில் இறந்துபோனாள்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, சித்தியவானிலிருந்து அவள் தம்பி படியேறி வந்தான். "புற்று முத்திப் போச்சா மச்சான்?"

"இல்ல. அது போயிருச்சு. இதயம்தான் நின்னுருச்சு. மருந்து கெடுத்திருச்சுன்னாங்க."

"அப்ப மருந்துதான் கொன்னுச்சா? வாங்க, ஆஸ்பத்திரில போய்க் கேப்போம்!"

"அந்த மருந்து இல்லேன்னா போன தீபாவளிக்கே போயிருப்பா" என்றேன். எனக்கும் யாரையாவது அடிக்கவேண்டும் போலிருந்தது.

அவன் படியிலேயே உட்கார்ந்து அழுதான். பாடை கட்ட மூங்கிலை மேலே கொண்டுவரவேண்டும், வழிவிடுங்கள் என்று கீழிருந்து யாரோ கத்தினார்கள்.