துப்புரவாக்கிய மூலை

சுப்பம்மா கத்தினால் விசுவமடுச் சந்தி வரைக்கும் கேட்கும் என்பார்கள். கேட்கட்டும். அவள் பட்ட கோபத்தில் ஒன்றுகூட வீண் கோபம் இல்லை.

எழுபத்தேழுக் கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்து, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவள். தன் காணி வேலை முடிந்ததும், புதிதாகக் குடியேறியவர்களுக்குப் பயிர்ச்செய்கை பழக்கும் பொதுத் தோட்டத்துக்குப் போவாள். சம்பளம் கிடையாது. தோட்டத்தைத் தொடங்கியவர்கள் அங்கே ஒரு மூலையைப் பற்றைக்காடாகவே விட்டிருந்தார்கள். அதில் தேனீ இருந்தது, அதனால் பூசணி காய்த்தது. செண்பகப் பறவை கூடு கட்டி, கத்தரிப் பாத்தியில் புழுவும் நத்தையும் பொறுக்கியது. மலையில் ஒரு புல் மிஞ்சினாலும் கங்காணி அரைநாள் கூலியை வெட்டுவான். இங்கே புல்லுக்கும் இடமுண்டு என்பதை அவளால் முதலில் நம்பவே முடியவில்லை. அதனால்தான் யார் பழக வந்தாலும் முதலில் அந்த மூலைக்குக் கூட்டிப்போவாள்.

ஒருநாள் விதை வாங்கக் கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பினால், மூலை முழுக்கச் சாம்பல். பழக வந்த பெண்கள் மண்வெட்டியோடு வரிசையாக நின்றார்கள், மெச்சுவாள் என்று.

"ஒரு புல்லு இல்லக்கா," என்றாள் பேச்சியம்மா.

சுப்பம்மா சாம்பலைக் கிளறினாள். செண்பகக் குஞ்சுகள் கூட்டோடு கருகிக் கிடந்தன.

"ஏன்டி, இங்கயும் ஒரு கங்காணிய தேடிக்கிட்டீங்களா?"

பின்னால் நின்ற தோட்டத்தின் புதுப் பொறுப்பாளர் பரமலிங்கம் சிரித்தார். "நாளைக்கு மேலிடத்துப் பெரியவர் ஒராள் தோட்டம் பாக்க வாறார். பற்றை கிடந்தா என்ன நினைப்பார்? நான் ஒரு சொல்லுத்தான் சொன்னனான். உங்கட ஆக்கள் உடன முடிச்சுப்போட்டினம்."

"அந்த ஒரு சொல்லுக்குக் குனிஞ்சது போதும்னுதான் இங்க வந்தோம்!"

மறுநாள் மாலையும் கழுத்துமாக வந்த பெரியவர், "நல்ல துப்புரவு," என்றார். பரமலிங்கம் பல்லிளித்தார். சுப்பம்மா முன்னால் வந்து நின்றாள்.

"இங்க செண்பகக் குஞ்சு இருந்துச்சுங்க ஐயா. நீங்க வர்றீங்கன்னு எரிச்சாங்க."

பெரியவர் பரமலிங்கத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். அவருடைய ஜீப் போனதும் பரமலிங்கம் குதித்தார். "நாளையில இருந்து நீர் இந்தப் பக்கம் வரவேண்டாம்!"

"சம்பளமா குடுத்தீங்க, நிப்பாட்டுறதுக்கு?"

விடிந்ததும் வந்தாள். இலந்தை முள்ளை இழுத்துவந்து மறுபடி பற்றை முளைக்கட்டும் என்று சாம்பலைச் சுற்றி வேலி அடைத்தாள். பரமலிங்கம் அவளைத் தாண்டிப் போனார். பேச்சியம்மாவைக் கூப்பிட்டு, வேலியைப் பிடுங்கச் சொன்னார்.

பேச்சியம்மா மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்களே புடுங்குங்க, ஐயா," என்றாள்.