கணவாய்க் கல்லில் ஒரு கொப்பு

அத்தையின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் மலைச்சாலை சரிந்து விழுந்தது. முகூர்த்தம் கீழே, கொய்யாத் தோப்புகள் நிறைந்த ஆயக்குடியில், மாப்பிள்ளை வீட்டில். மணப்பெண்ணும் நாங்களும் மேலே வடகவுஞ்சியில். மழையில் டவரும் படுத்துவிட்டதால் போனில் பேச வழியில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சகுனம் பார்க்கிறவர்கள். சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அத்தை இரவெல்லாம் அழுதாள்.

பழைய கணவாய் வழியாக நடந்தே இறங்கிவிடலாம் என்று காலையில் அப்பா சொன்னார். சாலை போடுவதற்கு முன்பு பூண்டு மூட்டை ஏற்றிய குதிரைகள் அந்த வழியாகத்தான் பழனிச் சந்தைக்குப் போகுமாம். எங்கள் முன்னோர் மலையேறி வந்ததும் அதில்தானாம். பாதையின் சரித்திரம் அப்பாவுக்கு அத்துப்படி. பாதை மட்டும்தான் தெரியாது. இரண்டு இடத்தில் வழிதவறி ஓடையில் இறங்கிய பிறகே அதை ஒப்புக்கொண்டார்.

கணவாயில் ஒரு கல், அதன்மேல் தழைக்குவியல். கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைக் கொப்பை ஒடித்துப் போட்டுக் கும்பிடுவது வழக்கம். நாங்களும் கையில் கிடைத்ததைப் போட்டோம். இதற்குக் கீழே சரிவு முழுக்க உண்ணிச்செடி மண்டியிருக்கும், இறங்க முடியுமா என்பதே சந்தேகம் என்று அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அத்தை மட்டும் கல்லருகே குனிந்தாள். காய்ந்த சருகுகளுக்கு மேல் வாடாத கொய்யாக் கொப்பு ஒன்று கிடந்தது. எங்கள் ஊரில் கொய்யா மரமே கிடையாது. எட்டிப் பார்த்தால், சரிவில் உண்ணிச்செடியைப் புதிதாக வெட்டித் தள்ளி, ஓர் ஆள் இறங்கும் அகலத்துக்கு வழி செய்திருந்தது.

"வெள்ளனே வந்து வெட்டிப் போட்டுட்டுப் போயிருக்காங்கண்ணே," என்றாள். யார் என்று சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் வந்த ஆள் வீடு வரைக்கும் வந்திருக்கலாமே என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். "தாலி கட்டுறதுக்கு முன்ன பொண்ணப் பாக்கக் கூடாதுல்லங்க."

சாமிக்குப் போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது. அத்தை எடுத்தாள். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இரவெல்லாம் அழுத அத்தை, எல்லாருக்கும் முன்னால் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். அந்தக் கொப்பில் ஒரு பிஞ்சுகூட இல்லையே, இதற்கா இத்தனை சந்தோஷம் என்று யோசித்துக்கொண்டே நான் பின்னால் போனேன்.