சாவியக்கா போனில் எதிர்க்கடை நம்பர்

சாவியக்கா பூட்டு வேலையை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு இரும்புக் கடையில் விற்பனைக்கு நின்றவள், விற்காமல் தூசி படிந்து கிடந்த பூட்டுகளைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தேறினாள். பிறகு கடைத்தெருவின் வடக்குக் கோடியில் சொந்தமாக ஒரு கடை போட்டாள். உள்ளே ஒரு ஆள் உட்காரலாம், இன்னொருவர் வந்தால் முதல் ஆள் எழுந்திருக்க வேண்டும்.

கடைக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு போன் என்று இரண்டையும் இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு அலைந்த காலம் உண்டு. மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து ஐந்து முறை கூப்பிட்டும், துளையிடும் மெஷின் சத்தத்தில் எது அடித்தது என்றே தெரியாமல் போன நாளோடு அதற்கு ஒரு முடிவு கட்டினாள். போன் கடைக்காரர், "இ-சிம்னு ஒண்ணு இருக்கு. ஆனா அதெல்லாம் உங்களுக்குக் குழப்பமா இருக்கும்கா" என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா? இரண்டு சாயங்காலம் குந்தியிருந்து அக்குவேறு ஆணிவேறாகப் படித்துவிட்டாள். செருகுவதற்கு அட்டையே கிடையாது. கம்பெனி அனுப்பும் க்யூஆர் கோடைக் கேமராவில் காட்டினால் நம்பர் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பல நம்பர்களை ஏற்றி வைக்கலாம், ஆனால் அவள் போனில் ஒரே நேரத்தில் இரண்டுதான் விழித்திருக்கும். கடைக்கு ஒரு மணியோசை, வீட்டுக்கு ஒன்று. பை இளைத்தது, அக்காவின் இடுப்புவலியும் போனது.

தெருவின் தெற்குக் கோடியில் இன்னொரு பூட்டுக்காரர் இருந்தார். இருபத்தைந்து வருட அனுபவம், அதைவிடப் பெரிய வாய். "அந்தம்மா பூட்டைத் திறக்காது, உடைக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்தவர். அவர் ஒருநாள் ஷட்டர் மாட்டும்போது ஏணியோடு சரிந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு மாதம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்கா பார்க்கப் போனாள். அவள் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்துக்குள் அவருடைய போன் மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் அவர் மனைவி எடுத்து, "அவரால இப்ப வர முடியாதுங்க" என்றார். மூன்று பேரும், "சரி, வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கட்டிலில் கிடந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, உங்க நம்பரை என் போன்ல ஏத்திக்கவா?" என்றாள் அக்கா. "உங்க கடைப் பேரைச் சொல்லியே எடுக்கறேன். போய் வேலையும் செய்யறேன். கூலி உங்க வீட்டுக்கே வரட்டும்."

மனைவிக்குச் சுருக்கென்றது. "நம்பரையே குடுக்கணுமா? கால் எல்லாம் உன் நம்பருக்கு வர்ற மாதிரி திருப்பிவிட்டா போதாதா?"

"வர்றது வரும் அண்ணி. நான் திருப்பிக் கூப்பிட்டா என் நம்பர்தானே காட்டும்? யாரோ என்னவோன்னு எடுக்க மாட்டாங்க. அண்ணன் நம்பர்ல இருந்து போனாத்தான் அவர் ஆளுங்க அவர்கிட்டயே இருப்பாங்க."

"பேங்குல இருந்து வர்ற ரகசிய எண்ணும் அதுக்குத்தானே வரும்?"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. சரியான கேள்விதான் என்று பட்டது. "அதைத்தான் சொல்ல வந்தேன். முதல்ல பேங்குல உங்க நம்பரைப் பதிய வைங்க. அது முடியாம இந்த நம்பரை நான் தொட மாட்டேன்."

அந்த வேலை முடிய ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் அவரே கம்பெனிக்கு விண்ணப்பித்து, க்யூஆர் கோடை மனைவியின் போனுக்கு வரவழைத்தார். அக்கா அதைத் தன் கேமராவில் பிடித்தாள். கட்டிலில் இருந்த அவருடைய போனில் சிக்னல் கோடுகள் அணைந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நம்பருக்கு இடம் வேண்டுமென்றால் ஒன்று தூங்கியாக வேண்டும். கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க அக்கா வீட்டு நம்பரை அணைத்தாள். பள்ளிக்குக் கடை நம்பரைக் கொடுத்தாள். "வீட்டை ஆஃப் பண்ணிட்டு ஊரை ஆன் பண்ணியாச்சு" என்று கணவர் சிரித்தார். மகளோ கடை நம்பருக்கே போன் போட்டு, குரலை மாற்றிக்கொண்டு, "எங்க வீட்ல ஒரு அம்மா தொலஞ்சிட்டாங்க, கண்டுபிடிச்சுத் தருவீங்களா?" என்பாள்.

தெருவில் எல்லோரும் ஒன்றைத்தான் பேசினார்கள், சாவியக்கா பூனைபோல நுழைந்து வாடிக்கையை அமுக்கப்போகிறாள் என்று. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மணி அடித்தால் அவர் கடைப் பேர், தன் மணி அடித்தால் தன் கடைப் பேர். முதல் வாரம் இரண்டு தடவை நாக்கு பிறழ்ந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் மாதம், ஒரு முற்பகலில் அவர் நம்பருக்குக் கால்நடை மருத்துவரம்மா கூப்பிட்டார். மருந்து அலமாரிப் பூட்டுக்குள் சாவி ஒடிந்துவிட்டது. மேஜை மேல் வண்டியில் அடிபட்ட நாய் கிடக்கிறது. மயக்க மருந்து உள்ளே.

ஏழு நிமிடத்தில் அக்கா அங்கே இருந்தாள். ஒடிந்த துண்டை எடுத்தாள். கம்பியை விட்டு, சாவி தூக்க வேண்டிய சின்னச் சின்ன உலோகப் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்; ஆனாலும் பூட்டு அசையவில்லை. மெஷின் வைத்துத் துளைத்தால் கண்ணாடிக் குப்பிகள் நொறுங்கும். நாய் முனகிக்கொண்டே இருந்தது. அக்கா, கட்டிலில் கிடந்த பூட்டுக்காரரின் மனைவி போனுக்கு வீடியோ கால் போட்டு, கேமராவைப் பூட்டில் பிடித்தாள்.

"அண்ணே, இது நீங்க மாட்டினது. எல்லாப் பின்னும் ஏறிடுச்சு. சுத்த மாட்டேங்குது."

அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடத்தில் யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டியிருந்தது.

"கீழ ஒரு பின் கூடுதலா வச்சிருக்கேன்மா," என்றார் கடைசியில். "என் பூட்டை வேற எவனும் திறக்கக்கூடாதுன்னு. கம்பியைத் திருப்பிப் பிடிச்சு, அடியில இருந்து தள்ளு. மெதுவா... இன்னும் கொஞ்சம்..."

டக்கென்று திறந்தது. மருத்துவரம்மா ஊசியோடு நாயிடம் ஓடினார். அக்கா சுவரில் சாய்ந்து நெற்றியைத் துடைத்தாள். போனில் அவர் இன்னும் இருந்தார். "கை சுத்தமா இருக்கு," என்றார். நாய் பிழைத்ததைச் சாயங்காலம் அவருக்குச் சொன்னபோது, அவர் தன் மற்றப் பூட்டுகளில் எங்கெங்கே அந்தக் கூடுதல் பின் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா எழுதிக்கொண்டாள்.

நான்கு மாதம் ஐந்தாக நீண்டது. கைத்தடி ஊன்றி அவர் கடை திறந்த அன்றே அக்கா நம்பரைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"நீயே வச்சுக்கோயேன்," என்றார் அவர். "ஏணி ஏற இனிமே என்னால முடியாது. அதுவுமில்லாம பாதிப் பேர் உன்னைத்தான் கேக்கறாங்களாம்."

"கேட்டா என் நம்பரைக் குடுங்க. உங்க நம்பர் உங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணே. உக்காந்து சாவி வெட்டற வேலை உங்களுக்கு, ஏறி இறங்கறது எனக்கு."

அவர் மறுபடி கம்பெனிக்கு விண்ணப்பித்து, அவர் போனில் சிக்னல் கோடுகள் திரும்ப வந்தபின் தன் போனிலிருந்து அவர் நம்பரை அவர் கண்ணெதிரிலேயே நீக்கினாள். நாள் முழுக்க விழித்திருக்கும்படி வீட்டு நம்பரை மறுபடி எழுப்பினாள். வாசலைத் தாண்டுவதற்குள் அவர் கடையில் போன் அடித்தது. எடுத்துப் பேசியவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"மூணாவது மாடியாம்மா. பால்கனிக் கதவு. போறியா?"

அக்கா வண்டியை அந்தப் பக்கம் திருப்பினாள்.